பழைய பெல்ட்டில் பனை ஏறலாமா?

விழுப்புரம் மாவட்டத்துத் தளவானூர்க் குடைவரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எழுப்பிய சத்ருமல்லேசுவரம், முகப்பில் வளைந்து நிற்கும் மகர தோரணம். பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், செஞ்சிக்கோட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் நிற்கும் பனைகளை அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. பருவ காலத்தில் பார்த்தால், ஏதோ ஒரு மரத்தின் பாதி உயரத்தில் ஒரு மனிதர் தெரிவார். காலில் தளைக் கயிறு, இடுப்பில் அரிவாள் பெட்டி, மார்பு மரத்தோடு ஒட்டியிருக்கும். அவரை மரத்தோடு பிடித்துவைத்திருப்பவை அவருடைய கையும் காலும் மூச்சும்தான்.

பனை 30 மீட்டர் வரைகூட வளரும். பதநீர் இறக்குபவர் காலையும் மாலையும் பாளையைச் சீவியாக வேண்டும்; விட்டுவிட்டால் பாளை காய்ந்து ஊறுவது நின்றுவிடும். அதனால் ஒரே மரத்தில் நாளுக்கு இரண்டு ஏற்றம். பத்து மரம் வைத்திருப்பவருக்கு இருபது ஏற்றம், இருபது இறக்கம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 240 மீட்டர் உயரம். 15 மீட்டர்ப் பனையில் 16 முறை ஏறினாலே அந்த உயரம் வந்துவிடுகிறது. பத்து மரம் வைத்திருக்கும் பனையேறி தை மாதம் தொடங்கி ஆனி, ஆடி வரை தினமும் ஒரு ராஜகிரிக்கு மேல் ஏறி இறங்குகிறார். ராஜகிரியில் படிக்கட்டு இருக்கிறது. பனையில் அது கிடையாது.

இந்த மனிதருக்கு என்ன பாதுகாப்பு தரலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் அரசுகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் முதலில் நினைவுக்கு வருவது இயந்திரம். தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் பனங்கன்றுகளும் தருவதாகச் சொன்னார்கள். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றார்கள். நல்ல முடிவுகள். அடுத்த ஆண்டு அறிக்கையில், பாதுகாப்பாகப் பனை ஏற உதவும் சிறந்த இயந்திரத்தைக் கண்டுபிடிப்பவருக்கு விருது என்ற அறிவிப்பும் வந்தது. நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பனையின் மேல் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், இயந்திரத்தை முதல் இடத்தில் வைத்தது பொருந்தவில்லை என்பது புரியும்.

தென்னைக்கு வந்த ஏறும் கருவிகளின் கதையைப் பார்க்கலாம். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் பிறந்த கருவி மிகவும் பெயர் பெற்றது. இரண்டு சட்டங்கள், இரண்டு கம்பி வளையங்கள்; மிதித்தால் ஒரு வளையம் மரத்தை இறுக்கும், மற்றது நகரும். தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காமல் கேரளம் திணறியபோது, 2011ஆம் ஆண்டு தென்னை வளர்ச்சி வாரியம் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சி இந்தக் கருவியை நம்பித்தான் நடந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் மரம் ஏறக் கற்றார்கள். பரம்பரையாக ஏறாதவர்களையும் மரத்தில் ஏற்றிவிட்டது அந்தக் கருவி. பெரிய சாதனைதான். அதே கருவிக்குக் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பிறகு தனியாக ஒரு பாதுகாப்பு இணைப்பை வடிவமைக்க வேண்டி வந்தது. ஏற உதவுகிற பொருளும் விழாமல் காக்கிற பொருளும் வேறு வேறு என்பதற்கு அந்த இணைப்பே சாட்சி.

பனையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். தேங்காய் பறிப்பவர் கருவியில் நின்றபடியே கை நீட்டிக் குலையை வெட்டிவிடலாம். பதநீர் இறக்குபவருக்கு அது போதாது. அவர் கொண்டைக்குள் போக வேண்டும். மட்டைகளுக்கு நடுவே கால் ஊன்றி, ஒரு கையால் பாளையை வளைத்து, இன்னொரு கையால் சீவி, கலயத்தை மாற்றிக் கட்ட வேண்டும். இயந்திரம் அவரைக் கொண்டைக்குக் கீழே இறக்கிவிட்டு அங்கேயே நின்றுகொள்கிறது. இரண்டு கைகளும் வேலையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் காய்ந்த மட்டை முறியும், காற்று அடிக்கும், குளவி கிளம்பும். போதாததற்கு, இரும்புச் சட்டத்தை வரப்பு வரப்பாகச் சுமந்து மரத்துக்கு மரம் மாட்டிக் கழற்ற வேண்டும். தளையோடு ஏறுபவர் இரண்டு மரம் முடித்து வரும் நேரத்தில் கருவிக்காரர் ஒரு மரம்தான் முடிப்பார். காலை வெயில் ஏறுவதற்குள் பதநீரை இறக்கியாக வேண்டிய தொழிலில் இந்தத் தாமதத்துக்கு இடமில்லை.

பனையேறுகிறவனை எட்டும் மட்டும்தான் தாங்கலாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். எட்டாத உயரத்திலும் தாங்குவதற்கென்று உலகம் கண்டுபிடித்த பொருள் பெல்ட். கட்டடத் தொழிலாளர்கள் இதை ஹார்னஸ் என்கிறார்கள். மேலைநாடுகளில் மரம் ஏறுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் வைத்திருக்கும் பெயர் இன்னும் அழகு. அவர்களுக்கு அது சேணம். குதிரைக்குப் போடும் சேணத்தின் அதே சொல். இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை, இரண்டு தொடைகளுக்கும் பட்டை, இடுப்பின் இரு பக்கமும் இரும்பு அல்லது அலுமினிய வளையங்கள். மரத்தைச் சுற்றிய கயிற்றை அந்த வளையங்களில் மாட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தால், உட்கார்ந்த மாதிரியே நின்றுகொண்டு இரண்டு கைகளாலும் வேலை பார்க்கலாம்.

இன்னொரு தென்மாநிலம் இதைப் புரிந்துகொண்டது. தெலங்கானாவில் கள் இறக்கும் கவுடு சமூகத்தார் இடுப்பையும் மரத்தையும் சேர்த்து வளைக்கும் 'மோக்கு' என்ற பெருங்கயிற்றில் ஏறுகிறார்கள். விழுந்து செத்தவர்களும் முடங்கிப்போனவர்களும் ஆண்டுதோறும் உண்டு. நிவாரணத் தொகை கேட்டு நடையாய் நடந்த குடும்பங்களும் உண்டு. 2024 ஜூலை 14 அன்று ரங்காரெட்டி மாவட்டத்தில் முதல்வர் ரேவந்த் ரெட்டி 'காட்டமய்யா ரட்சண கவசம்' என்ற பாதுகாப்புத் தொகுப்பை அவர்களுக்கு வழங்கத் தொடங்கினார். காட்டமய்யா அந்தத் தொழிலாளர்களின் குலசாமி. தொகுப்பில் இருந்தவை கயிறு, உடலில் மாட்டும் பட்டை, கொக்கிகள், பை. இயந்திரம் எதுவும் இல்லை. பொருளைக் கையில் கொடுத்ததோடு நிற்காமல் மாட்டிக்கொள்ளப் பயிற்சியும் கொடுத்தார்கள். கள்ளுக்கு அனுமதி உள்ள மாநிலம் அது, இங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை என்று யாராவது சொல்லலாம். பதநீர் இறக்கவும் நுங்கு வெட்டவும் ஏறுகிற மரம் அதே மரம்தான். கீழே இருக்கும் தரையும் அதே தரைதான்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. விக்கிரவாண்டி, செஞ்சி வட்டாரங்களில் பனையேறிகள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் இளைஞர்களும் உண்டு; நரசிங்கனூர், பூரிகுடிசைப் பக்கம் பனைக்கென்றே திருவிழா எடுக்கும் அளவுக்கு ஊக்கம் இருக்கிறது. அந்த இளைஞர்களிடம் பெல்ட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அடுத்து வரும் கேள்வி நிச்சயம் விலைதான். மரம் ஏறுபவர்களுக்கென்றே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்படும் சேணங்கள் இங்கே வந்து சேரும்போது சில பத்தாயிரம் ரூபாய் ஆகிவிடுகின்றன. எனவே கண் பழையதன் பக்கம் போகிறது. கட்டட வேலை முடிந்த இடத்தில் விற்றது, காயலாங்கடையில் கிடந்தது, சென்னையில் வேலை பார்த்த மச்சான் கொண்டுவந்து கொடுத்தது.

இந்த இடத்தில் நின்று நிதானமாகப் பேச வேண்டும். பழைய பெல்ட் வேண்டாம் என்று சொல்வது எளிது. ஏன் என்று சொன்னால்தான் கேட்கிறவர் கேட்பார்.

முதல் காரணம், கட்டட வேலைக்காரரின் பெல்ட் பெரும்பாலும் வேறு வேலைக்கு ஆனது. அதில் முக்கிய வளையம் முதுகில் இருக்கும். சாரத்திலிருந்து தவறி விழுந்தால் பிடித்துத் தொங்கவிடுவதே அதன் வேலை. மரத்தில் சாய்ந்து நின்று வேலை செய்ய முதுகு வளையம் உதவாது. இடுப்பின் இரு பக்க வளையங்களும் தொடைப் பட்டையும் வேண்டும். ஐரோப்பியத் தர எண்கள் இதைத் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கின்றன. விழுகிறவரைத் தாங்கும் முழு உடல் பெல்ட்டுக்கு இ.என். 361, சாய்ந்து வேலை செய்யும் இடுப்புப் பட்டைக்கு 358, உட்காரும் பெல்ட்டுக்கு 813. மரச் சேணத்தில் பொதுவாகக் கடைசி இரண்டும் இருக்கும். இந்தியத் தர எண் ஐ.எஸ். 3521. பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டில் இந்த எண்களில் ஒன்றாவது இல்லையென்றால் அது வெறும் நாடா.

தொடைப் பட்டை இல்லாத, இடுப்பை மட்டும் சுற்றும் பழைய ரக பெல்ட்டைத் தொடவே வேண்டாம். அதில் விழுந்தால் மொத்த உதறலும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். விழுகிறவரைத் தடுக்க அந்த ரகத்தைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டது. நம் ஊரில் மின்கம்பத்திலும் மரத்திலும் இன்னும் அதைப் பார்க்க முடிகிறது.

இரண்டாவது காரணம், பெல்ட்டின் சாவு கண்ணுக்குத் தெரியாது. கிணற்றுக் கயிறு நைந்தால் நார் நாராகப் பிரிந்து காட்டும். இரும்பு துருப்பிடித்தால் சிவந்து காட்டும். நைலானும் பாலியெஸ்டரும் வெயிலில் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே வலுவிழந்து போகும். பார்வைக்கு நிறம் கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். ஒருமுறை ஒருவர் விழுந்து அதில் தொங்கியிருந்தால் தையலின் உள் அடுக்குகள் அறுந்திருக்கலாம். விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். துணி, பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள தன் தயாரிப்புகளுக்கு பெட்சல் என்ற பிரெஞ்சு நிறுவனம் வைத்திருக்கும் உச்ச வயது 10 ஆண்டு. அதுவும் ஒழுங்காக வைத்திருந்தால். ஆண்டுக்கு ஒருமுறையாவது தெரிந்தவரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பலத்த விழுதல் ஒன்று நடந்துவிட்டால் வாங்கிய மறுநாளே ஆனாலும் அதன் ஆயுள் முடிந்தது.

மூன்றாவது காரணம் பனையேறிக்கே உரியது. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு பெட்டியில் கூடவே மேலே போகிறது, கையில் ஒட்டுகிறது, பெல்ட்டில் படுகிறது. சுண்ணாம்பு காரம். பாலியெஸ்டர் இழையைக் காரம் மெல்ல மெல்ல அரிக்கக்கூடியது. நைலான் காரத்தை ஓரளவு தாங்கும், அமிலத்தில் கெட்டுப்போகும். பைக் பேட்டரியின் அமிலமோ அதன் ஆவியோ நைலானுக்கு எமன். ஆகவே பதநீர் இறக்குபவர் புதிய பெல்ட் வாங்கும்போது நாடா எந்த இழை என்று கேட்டு நைலானாக வாங்குவது நல்லது. பேட்டரி வைத்த மூலையில் அதைத் தொங்கவிடக் கூடாது. சுண்ணாம்பு பட்டால் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெளிநாட்டு விற்பனைப் புத்தகம் எதுவும் பதநீர்ச் சுண்ணாம்பைப் பற்றி எச்சரிக்காது. வேளாண் கல்லூரிகளும் பனைவாரியமும் சொல்ல வேண்டிய விஷயம் இது.

கூரைச் செத்தையில் சொருகி வைத்த பெல்ட்டை எலி கடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், பழையது ஒன்று மட்டுமே கைக்கு எட்டும் நிலையில் சிலர் இருப்பார்கள். அவர்களை விரட்டுவதில் பயனில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தரலாம். முதலில் சீட்டு. தயாரித்த ஆண்டு, தர எண், வரிசை எண் மூன்றும் படிக்கும்படி இருக்க வேண்டும். சீட்டு கிழிந்துபோன பெல்ட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அடுத்து, யாரிடம் இருந்தது என்ற கதை. முதல் ஆள் யார், எந்த வேலைக்கு வைத்திருந்தார், விழுந்ததுண்டா என்று அவரிடமே கேட்டு அறிய முடியாவிட்டால் விட்டுவிடுவது நல்லது. பிறகு கையால் சோதனை. நாடாவை ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து உள்வளைவு வெளியே தெரியும்படி மடக்கிப் பார்க்க வேண்டும். வெட்டு, பஞ்சு போல் எழும்பிய இழை, தீப்பட்டது போல் பளபளத்து இறுகிய இடம், பெயின்ட் பட்ட திட்டு ஆகிய எதுவும் இருக்கக் கூடாது. தையல் நூலை நாடாவிலிருந்து மாறுபட்ட நிறத்தில் தைப்பது ஒரு நல்ல வழக்கம். ஓர் இழை அறுந்திருந்தாலும் கண்ணில் படும். வளையத்தில் கயிறு தேய்த்த பள்ளம், கொக்கியின் வாய் தானாக மூடாமல் திணறுவது, பக்கிள் வழுக்குவது, எல்லாமே ஒதுக்கக் காரணங்கள். சில பெல்ட்டுகளில் நாடாவை மடித்துத் தைத்த ஒரு அடையாளம் இருக்கும். பலமான இழுப்பு வந்தால் அந்த மடிப்பு பிரிந்துவிடும். பிரிந்திருந்தால் அந்தப் பெல்ட்டில் யாரோ விழுந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பழையதை வாங்கலாம் என்று துணிச்சலாகச் சொல்லக்கூடிய பொருள்கள் வேறு இருக்கின்றன. அரிவாள் வாங்கலாம், ஏணி வாங்கலாம், கலயம் வாங்கலாம். கதை தெரியாத பெல்ட், கயிறு, ஹெல்மெட் இந்த மூன்றையும் வாங்காமல் இருப்பதே சரி.

புதியது வாங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை. கடையில் இடுப்பளவு பார்த்து வாங்கி வந்துவிட்டால் வேலை முடியவில்லை. வெளிநாட்டு அளவுகள் பருத்த உடம்புக்கும் கனத்த கால்சட்டைக்கும் ஏற்ப வெட்டப்பட்டவை. நம் பனையேறிகளில் பலர் ஒல்லியான இடுப்புக்காரர்கள். அரைக்கால் சட்டையோடு ஏறுகிறவர்கள். வெறும் தொடையில் பட்டை உரசினால் மூன்றாம் நாள் புண், நான்காம் நாள் பெல்ட் பரணில். அதனால் வாங்கும் முன் மாட்டிக்கொண்டு, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒரு கிளையிலோ உத்தரத்திலோ கட்டித் தொங்கிப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் போதும். கால் மரத்தால், இடுப்புப் பட்டை விலாவுக்கு ஏறினால், மூச்சு முட்டினால் அது அவருக்கு ஆகாது. அசையாமல் பெல்ட்டில் நெடுநேரம் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி மயக்கமும் உயிராபத்தும் வரும். அதனால் பெல்ட் போட்டிருந்தாலும் தனியாக ஏறாமல், கீழே ஓர் ஆள் இருப்பது அவசியம்.

பனைக்கென்று இன்னொரு நுட்பம் உண்டு. அடியில் பருத்த மரம் மேலே போகப் போக மெலிகிறது. அடியில் இறுக்கமாக இருந்த கயிற்று வளையம் உச்சியில் தொளதொளத்துவிடும். ஆகவே பெல்ட்டோடு சேர்ந்து வரும் மரம் சுற்றும் கயிறு ஒரே கையால் இழுத்துச் சுருக்கும் வகையாக இருக்க வேண்டும். மட்டைக்கு மேலே கயிற்றை மாற்றும்போது ஒரு கணம்கூடக் கட்டில்லாமல் இருக்காதபடி இரண்டாவது குட்டைக் கயிறு ஒன்றும் வேண்டும். வளையங்களும் கயிறும் சரியாக இருந்தால் மற்ற ஆடம்பரங்கள் எதுவும் பனைக்குத் தேவையில்லை. வெளிநாட்டுச் சேணங்களின் விலையில் பெரும்பகுதி கிளை மரங்களில் ஊஞ்சலாக நகர்வதற்கான வசதிகளுக்குத்தான் போகிறது. இந்திய ஆலைகள் ஐ.எஸ். முத்திரையோடு முழு உடல் பெல்ட்டுகளை இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் செய்து விற்கின்றன. பக்க வளையமும் அகன்ற தொடைப் பட்டையும் கொண்ட பனைச் சேணத்தை அவர்களால் செய்ய முடியாது என்று நம்புவதற்குக் காரணமே இல்லை. ஆயிரக்கணக்கில் வாங்க யாராவது முன்வர வேண்டும், அவ்வளவுதான்.

கிளை மரத்தில் ஏறுகிறவர்களையும் மறந்துவிடக் கூடாது. சாலையோரப் புளியமரங்களின் காய்ப்பை நெடுஞ்சாலைத் துறை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவர் மாசி, பங்குனியில் கூலிக்கு ஆள் ஏற்றிப் புளி உலுக்குகிறார். வெறுங்காலோடு கிளை நுனி வரை போய்க் குதித்து உலுக்கும் அந்த ஆள்களின் இடுப்பில் ஒன்றும் இருக்காது. மேலைநாட்டுச் சேணம் உண்மையில் பொருந்துகிற மரம் புளிதான். உறுதியான உயரக் கிளையில் கயிற்றைப் போட்டு, முன்பக்க வளையத்தில் மாட்டிக்கொண்டால் நுனிக் கிளைக்கும் போய்வரலாம். புயல் அடித்த நாள்களில் இந்தத் தேவை பல மடங்காகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அது போன்ற நாள்களில் சாய்ந்த மரத்தை அறுக்க வருகிறவர்களில் பலர் கூலியாள்கள். கையில் இரம்பம், தோளில் ஒரு கயிறு. மோட்டார் இரம்பத்தோடு ஏறுகிறவரைத் தாங்கும் கயிற்றை அந்த இரம்பமே ஒரு நொடியில் அறுத்துவிடும் என்பதால் எஃகுக் கம்பி உள்ளே ஓடும் கயிறும், இரண்டு இடத்தில் கட்டும் முறையும் அங்கே கட்டாயம்.

ஆகவே செய்ய வேண்டியவை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவையாக இல்லை. தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது. அதில் பதிவு செய்த ஒவ்வொரு பனையேறிக்கும், அவருடைய இடுப்பையும் தொடையையும் அளந்து, புதிய சேணம் ஒன்றும் இரண்டு கயிறுகளும் தரலாம். விபத்துக்குப் பிறகு கொடுக்கும் நிவாரணத்தை விட இது மலிவு என்ற கணக்குக்குள்கூடப் போக வேண்டாம். முதலில் கொடுக்க வேண்டியது இது. வழங்குகிற நாளே பயிற்சி நாளாக இருக்கட்டும். தெலங்கானாவில் செய்தது போல மரத்தடியிலேயே, மரம் ஏறத் தெரிந்தவர்களே சொல்லிக்கொடுக்கட்டும். செஞ்சி, விக்கிரவாண்டி, திண்டிவனத்தில் ஆண்டுக்கு ஒருநாள், தை பிறப்பதற்கு முன், பழைய பெல்ட்டுகளைக் கொண்டுவரச் சொல்லிச் சோதிக்கலாம். தேறாதவற்றை அங்கேயே கத்தியால் துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும். நம் ஊரில் எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் கிடையாது. கிணற்றுக் கயிறு பழசானால் மாட்டுக்குப் போகும், மாட்டுக் கயிறு பழசானால் பந்தல் கட்டப் போகும். நல்ல பழக்கம்தான். பெல்ட் விஷயத்தில் மட்டும் அது ஆபத்து. வெட்டப்படாத செத்த பெல்ட் அடுத்த ஆளின் இடுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

புளியமர ஏல நிபந்தனைகளில் ஒரு வரி சேர்ப்பதும் கடினமில்லை. மரத்தில் ஏறும் ஆளுக்குத் தர எண் உள்ள பெல்ட் ஏலதாரர் செலவில் தரப்பட வேண்டும் என்ற வரி. ஏரிக்கரைப் பனைகளைக் குத்தகைக்கு விடும் ஊராட்சிகளும் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கோயில்களும் இதே வரியைத் தங்கள் நிபந்தனையில் எழுதிக்கொள்ளலாம். பணம் கொடுத்து மரத்தில் ஆள் ஏற்றுகிற அரசு அலுவலகம் எதுவும், ஏறுகிறவரின் பாதுகாப்பு தன் பொறுப்பு இல்லை என்று சொல்லக் கூடாது.

பெல்ட் போட்டால் வேகம் குறையும், கூச்சமாக இருக்கும், எங்கள் தாத்தா தளையோடு ஏறியே தொண்ணூறு வயது வாழ்ந்தார் என்று பனையேறிகள் சொல்லக்கூடும். இந்தச் சொல்லை அலட்சியப்படுத்தக் கூடாது. தளை பழகிய கால், பெல்ட்டோடு பழகச் சில வாரம் எடுக்கும். ஏறும்போது தளையும் உச்சியில் பெல்ட்டும் என்று இரண்டையும் சேர்த்துக்கொள்வது பலருக்கு ஒத்துவரலாம். அதை முடிவு செய்யும் உரிமை ஏறுகிறவருக்கே. தளையைத் தன் காலளவுக்குத் தானே முறுக்கி, நைந்தால் தானே கழித்துப்போடுகிற தொழில் இது. அந்த அக்கறையைப் பெல்ட்டுக்கும் கொண்டுவருவதில் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான்.

இந்தக் கோடையில் தேங்காய் பறிக்கவோ நுங்கு வெட்டவோ வீட்டு வேம்பைக் கழிக்கவோ ஆள் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் இடுப்பில் பெல்ட் இருந்தால், அதன் சீட்டில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று கேளுங்கள். சீட்டே இல்லை என்றாலோ, பெல்ட்டே இல்லை என்றாலோ, அன்றைய கூலியோடு ஒரு புதிய பெல்ட்டுக்கான முன்பணத்தையும் கொடுத்து அனுப்புங்கள். தேங்காயை அடுத்த வாரம் பறித்துக்கொள்ளலாம்.